கண் பிரிவின் மூன்று டோக்கன்கள்

நெமேசியா தெர்செரோஸ் யாரையும் நம்பமாட்டாள். பிறவிக் குணம் என்று சொல்லிவிட முடியாது. நம்பிப் பார்த்துச் சூடு பட்டவள். அவளுடைய அப்பா ஓருரோ பக்கத்து ஈயச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபோது, பள்ளத்தாக்குக்குப் போங்கள், அங்கே ஆளுக்கொரு மனை தயாராக இருக்கிறது என்று சொல்லிக் குடும்பத்தோடு லாரியில் ஏற்றினார்கள். கோச்சபம்பாவில் இறங்கிப் பார்த்தால் மனையும் இல்லை, சொன்ன ஆளும் இல்லை. அப்புறம் கணவன் எவுசேபியோ. ஸ்பெயினுக்குக் கொத்து வேலைக்குப் போனவன் ஞாயிறு தவறாமல் போன் செய்தான். ஒரு ஞாயிறு, போனில் அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை "பப்பா" என்று கூப்பிட்டது. பக்கத்து அறைக்காரனின் குழந்தை என்றான். பக்கத்து அறைக்காரனின் குழந்தை உன்னை ஏன் பப்பா என்கிறது என்று அவள் கேட்கவில்லை. போனை வைத்தாள், மறுபடி எடுக்கவே இல்லை. அவள் சந்தேகப்பட்டது ஒவ்வொரு தடவையும் சரியாகவே இருந்தது. அதுதான் அவளைக் கெடுத்தது என்று நான் சொல்வேன்.

அப்படிப்பட்டவளைப் பொது ஆஸ்பத்திரியின் கண் பிரிவில், டோக்கன் ஜன்னலில் உட்கார வைத்திருந்தார்கள். இருபத்து மூன்று வருடம். அந்த வேலைக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. மலையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வருகிற கூட்டத்துக்கு அங்கே இருந்ததோ மூன்று கண் டாக்டர்கள். ஒரு டாக்டருக்கு ஒரு காலைக்குப் பதினெட்டு டோக்கன். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று இயக்குநர் கணக்குப் போட்டிருந்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரிவதற்கே அரை மணி நேரம் ஆகும் என்பது அவர் கணக்கில் வராது. அவர் கண்ணுக்கு யார் மருந்து விட்டார்கள்!

வரிசைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஆஸ்பத்திரி போட்டதல்ல, சனங்களே போட்டுக்கொண்டது. விடிவதற்கு முன்னால் முதலில் வருகிறவர் ஒரு நோட்டுத் தாளில் தன் பெயரை எழுதி, அடுத்தடுத்து வருகிறவர்களின் பெயரையும் எழுதிக்கொள்வார். மணிக்கொரு தரம் அந்தப் பெயர்களை உரக்க வாசிப்பார்கள். குரல் கொடுக்காவிட்டால், ஒண்ணுக்குப் போயிருந்தாலும் சரி, ஊதாச் சோளக் கஞ்சி குடிக்கப் போயிருந்தாலும் சரி, பெயரை அடித்துவிடுவார்கள். ஏழு மணிக்கு ஜன்னல் திறந்ததும் அந்தத் தாள் நெமேசியாவின் கைக்கு வரும். தாளில் உள்ளபடி டோக்கன். அதற்கு மேலே கீழே ஒரு எழுத்து மாறாது. அவளுடைய சொந்த நாத்தனாரே ஒரு தடவை பத்தொன்பதாவது ஆளாக நின்று, டோக்கன் கிடைக்காமல் அழுதுகொண்டு போனாள். அதன் பிறகு அவள் வீட்டு விசேஷம் எதற்கும் நெமேசியாவுக்கு அழைப்பு வரவில்லை. ஆனால் வரிசையில் நிற்கிறவர்கள் அவளைப் பார்த்து, "முசுடுதான், ஆனா களவு கிடையாது" என்றார்கள். அந்த ஒரு பேச்சுதான் அவளுடைய சொத்து. அந்தச் சொத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது.

செவ்வாயும் வெள்ளியும் டாக்டர் இவோன் சென்தெனோவின் நாள். லா பாஸிலிருந்து மாற்றலாகி வந்த பெண்மணி, நாற்பது வயதிருக்கும், எந்நேரமும் தூக்கம் போதாத முகம், யாரிடமும் நின்று பேசமாட்டார். வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு அவசரமாகக் கண் பார்க்க வேண்டுமென்றால், ஒரு டாக்டர் முந்தின நாளே சீட்டு எழுதி மூன்று டோக்கன் வரை ஒதுக்கலாம் என்று ஒரு விதி உண்டு. மற்ற டாக்டர்கள் மாதத்துக்கு ஒரு தடவை எழுதினால் அதிகம். சென்தெனோ ஐந்து மாதமாக ஒரு நாள் விடாமல் எழுதினார். ஒவ்வொரு தடவையும் சரியாக மூன்று. வரிசைக்கு மிச்சம் பதினைந்துதான்.

"பதினஞ்சோட முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை வாங்க," என்றாள் நெமேசியா, ஒரு செவ்வாய்க்கிழமை.

ஜன்னலுக்கு எதிரே நின்றவள் கிரெகோரியா. சந்தையில் தக்காளி விற்கிறவள், நெமேசியா வழக்கமாக வாங்குகிற கடைக்காரி. இரண்டு கண்ணிலும் புரை. அன்றைக்குப் பதினாறாவது ஆள்.

"என்னது, பதினஞ்சோட முடியறதா? பதினெட்டுன்னு செவத்துல எழுதி ஒட்டியிருக்கீங்க, எனக்கே மசமசன்னு தெரியுது!"

"மூணு வார்டுக்குப் போயிருச்சு, தோன்யா கிரெகோரியா." அந்த ஊரில் பெண்களை மரியாதையாகத் தோன்யா என்பார்கள்.

"வார்டுக்குப் போச்சா, உங்க வீட்டுக்குப் போச்சா?"

வரிசை கொல்லென்று சிரித்தது. பின்னாலிருந்து ஓர் ஆள், "ஏன், தோன்யா நெமேசியாவுக்குச் சொந்தபந்தம் இருக்கக்கூடாதா? பாவம், அவங்களுக்கும் கண்ணு இருக்குமில்ல!" என்றான். அதற்கும் சிரித்தார்கள். நெமேசியாவுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. ஜன்னலைப் பட்டென்று சாத்தினாள். அவளை முசுடு என்றிருக்கிறார்கள், கல்நெஞ்சுக்காரி என்றிருக்கிறார்கள், கிழட்டுக் கழுகு என்றுகூட ஒருவன் சொல்லியிருக்கிறான். எதுவும் அவளைத் தொட்டதில்லை. இது தொட்டது.

அன்றைக்கே துப்புத் துலக்க ஆரம்பித்தாள். சென்தெனோவின் சீட்டில் மூன்று பெயர்கள்: ரோசா அந்தெசானா, பேத்ரோ லான்சா, ஹூலியா கலாமா. ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு, பிரசவ வார்டு வரைக்கும் படியேறி இறங்கி விசாரித்தாள். அப்படி யாருமே படுத்திருக்கவில்லை. பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தாள். ஐந்து மாதத்துப் பெயர்களில் ஒன்றுகூட எந்த வார்டுப் பதிவேட்டிலும் இல்லை. நெமேசியாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

வாசல் காவலாளி ருஃபீனோவிடம் போனாள். கன்னத்தில் கோக்கா இலையை அடக்கிக்கொண்டு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். அவன் பார்க்காதது எதுவும் அந்த ஆஸ்பத்திரியில் நடக்காது.

"அந்த டாக்டரம்மா ரூமுக்குப் பின்பக்கம், துணி தொவைக்கிற எடத்துக்கிட்ட ஒரு கதவு இருக்கு பாருங்க," என்றான்.

"இருக்கு. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? பதினோரு மணிக்கு மேல அந்தக் கதவு தொறக்குது, மூடுது. எனக்கெதுக்கு வம்பு, நான் வாசலைத்தானே பாக்கணும்."

"யாரு போறாங்க?"

"யாரு யாரோ. மூட்டை முடிச்சோட போறாங்க. ஒருத்தி உயிருள்ள கோழியைக் கக்கத்துல இடுக்கிட்டுப் போனா. திரும்பி வர்றப்போ கோழி இல்ல." ருஃபீனோ இலையை அந்தக் கன்னத்துக்கு மாற்றினான். "கோழிக்கும் கண்ணு மங்கலோ என்னமோ!"

இதற்கு மேல் என்ன வேண்டும்? அரசாங்க அறை, அரசாங்கச் சம்பளம், பின்கதவு வழியாகச் சொந்த வியாபாரம். பழி மட்டும் ஜன்னல்காரிக்கு. நெமேசியாவுக்கு ஒரு பக்கம் வயிறு எரிந்தது. இன்னொரு பக்கம், தன் சந்தேகம் மறுபடி பலித்ததில் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சியும் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

மறுநாள் வேலைக்கு வருகிற மினி பஸ்ஸில் இன்னொரு குட்டு வெளிப்பட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து, சீட்டிலிருந்த பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். "அந்தெசானா முனை, எறங்கு!" என்றான் ஓட்டுநர். அடுத்த நிறுத்தம் லான்சா தெரு. அதற்கடுத்தது கலாமா. டாக்டரும் இதே பஸ்ஸில்தான் வருகிறார். தெருப் பலகையைப் பார்த்துப் பார்த்து, முன்னால் ஒரு ரோசாவையும் பேத்ரோவையும் ஒட்டவைத்து நோயாளிகளை உற்பத்தி செய்திருக்கிறார்! கொஞ்சம் மெனக்கெட்டுப் பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. இந்த ஜன்னல்காரிக்கு இது போதும் என்று நினைத்துவிட்டார் பார், அதுதான் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் துவைக்கும் இடத்தில், காய்கிற படுக்கை விரிப்புகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். கதவு திறந்து ஓர் ஆள் வெளியே வந்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும், குல்லாயை நெற்றி வரை இறக்கியிருந்தான், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வரும்போதே இடது தோளைக் கதவு நிலையில் நன்றாக இடித்துக்கொண்டான். நாலு எட்டு வைத்து, கழுவும் தொட்டியிலும் இடித்துக்கொண்டான். பட்டப்பகலிலேயே சிச்சாக் கள் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான், நல்ல வாடிக்கை என்று நினைத்தாள் நெமேசியா.

"யாருய்யா நீ? இங்க என்ன வேலை?"

அந்த ஆள் திடுக்கிட்டு, குரல் வந்த பக்கம் முழு உடம்பையும் திருப்பினான். "நானா? நான்... பைப்பு ரிப்பேருக்கு வந்தேம்மா."

"சாமானெல்லாம் எங்க?"

"சாமான்... நாளைக்குக் கொண்டாறேன்."

"பேரு என்ன?"

"சபீனோ. சபீனோ ரோச்சா. கோவிச்சுக்காதீங்கம்மா, நான் போயிடறேன்." சொல்லிவிட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டே போய்விட்டான்.

பொய் சொல்லக்கூடத் தெரியாத ஆளைப் பார்த்து யாருக்காவது இரக்கம் வர வேண்டும். நெமேசியாவுக்கு வரவில்லை. அன்று மத்தியானமே புகார் எழுதினாள். தேதி, நேரம், இல்லாத நோயாளிகளின் பெயர், எந்தப் பெயர் எந்தத் தெரு, கோழி, பின்கதவு, குடித்துவிட்டு வந்த ஆள் ஒருவன், அனைத்தும். இரண்டு பக்கம், கையெழுத்தோடு இயக்குநரிடம் கொடுத்தாள்.

சென்தெனோவை இயக்குநர் கூப்பிட்டு விசாரித்தது பத்து நிமிடம்கூட இருக்காது. வார்டுச் சீட்டு இனி கிடையாது என்று உத்தரவு வந்தது. பின்கதவுக்குப் பூட்டு விழுந்தது. டாக்டருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை: இன்னொரு தவறு என்றால் காட்டுப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு மாற்றல். அடுத்த செவ்வாய்க்கிழமை நெமேசியா ஜன்னலைத் திறந்து, முழுசாகப் பதினெட்டு டோக்கனை எண்ணி மேசையில் வைத்தாள். விஷயம் ருஃபீனோ வழியாக ஏற்கெனவே வரிசைக்குப் போயிருந்தது. கிரெகோரியாவுக்குச் சோதனைக்கான டோக்கன் பதினேழாவதாகக் கிடைத்தது.

"மன்னிச்சுருங்க தோன்யா. வாய் இருக்கே, அது சும்மா இருக்காது," என்றாள் கிரெகோரியா. "நீங்க இல்லன்னா அந்த டாக்டரு எங்களையெல்லாம் வித்துத் தின்னிருப்பா. உங்க மாதிரி ஒருத்தி போதும் இந்த ஊருக்கு."

யாரோ கைகூடத் தட்டினார்கள். நெமேசியா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். ஆனால் பத்து மணிக்குத் தின்கிற, கறி அடைத்த சால்தேன்யா அன்றைக்கு மட்டும் இரண்டு தின்றாள்.

பதினொன்றரை மணிக்கு, வேலை நடுவே, டாக்டர் சென்தெனோ வந்து ஜன்னலறைக் கதவைத் தட்டினார். வெள்ளைக் கோட்டில் மஞ்சள் சொட்டு மருந்துக் கறை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நெமேசியா எழுந்து நின்றாள். சண்டைக்கு அவள் எப்போதும் தயார்.

"அஞ்சு நிமிஷம் வாங்க," என்றார் டாக்டர். "ஒரு எழுபது வயசுக் கண்ணுல மருந்து விட்டு உக்கார வெச்சிருக்கேன். அது விரியறதுக்குள்ள வந்துடலாம்."

ஆவண அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கீழ் வரிசையில் ஓர் இழுப்பறையை இழுத்தார். பாதிதான் வந்தது, அவ்வளவு நெருக்கமாக அட்டைகள் அடைந்திருந்தன.

"இது என்னன்னு தெரியுமா தோன்யா?"

"தெரியாம என்ன? ரிவ்யூ அட்டை. எடம் கெடைக்காதவங்க."

"யாரு வெச்சது?"

"நான்தான் வெச்சேன். எடம் இல்லன்னா வேற எங்க வெக்கிறது?"

கண்ணில் அழுத்தம் ஏறுகிற நோய்க்காரர்களின் அட்டைகள் அவை. அந்த நோய்க்கு வலி கிடையாது. பார்வையை ஓரத்திலிருந்து சுருட்டிக்கொண்டே வரும். நடுவுக்கு வரும்போதுதான் ஆளுக்குத் தெரியும். அப்போது டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து மருந்தை மாற்றினால் இருக்கிற பார்வை நிற்கும். மூன்று மாதம் கழித்து வா என்று டாக்டர்கள் எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் டோக்கன் வேண்டுமென்றால் விடியும் முன் வரிசையில் நின்று தாளில் பெயர் எழுத வேண்டும். தூரத்து ஊர்க்காரர்களின் முதல் பஸ்ஸே ஏழரைக்குத்தான் வரும். வந்து ஜன்னலில் அட்டையை நீட்டுவார்கள். நெமேசியா "இடம் இல்லை" என்ற முத்திரையைக் குத்தி, கூப்பிடுகிறோம் என்று சொல்லி அட்டையை வாங்கி இந்த இழுப்பறையில் போடுவாள். கூப்பிடுகிற வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை.

"புது ஆளு எத்தனை பேரைப் பாத்தோம்னுதான் மேலிடத்துக்கு மாசக் கணக்குப் போகுது," என்றார் டாக்டர். "பழைய ஆளைப் பாத்தா கணக்குல ஏறாது. இயக்குநர்கிட்ட ரெண்டு தடவை எழுதிக் கேட்டேன், முடியாதுன்னுட்டார். அதான் நானே ஒவ்வொரு அட்டையா எடுத்து, மோசமானது முதல்லன்னு, மூணு மூணு பேரா போன் பண்ணி வரவழைச்சேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, பஸ்ல வர்றப்போ தெருப் பேரைப் பாத்து எழுதினேன்."

"கோழி?"

"கோழியை வேண்டாம்னு சொல்லிப் பாருங்களேன் அந்தக் கெழவிகிட்ட! சமையல்கட்டுல குடுத்துட்டேன். வார்டு சூப்புல போச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

 வரிசைன்னா வரிசைதான் என்று சொல்லியிருப்பாள். அது இருவருக்கும் தெரியும்.

"சபீனோன்னு ஒருத்தர். டிரக் ஓட்டினவர்," என்றார் டாக்டர், போகத் திரும்பியபடி. "நாலு தடவை உங்க ஜன்னலுக்கு வந்திருக்கார். நான் அட்டையை எடுக்கறப்போ எடது கண்ணு போயிருச்சு. வலது கண்ணுக்கு மருந்து மாத்தியிருக்கேன், கேக்குதான்னு இன்னிக்குப் பாக்கணும். வந்தார். கதவு பூட்டியிருக்கவும் திரும்பிப் போயிட்டார். பன்னெண்டு மணி பஸ்ஸை விட்டா அடுத்தது நாலு மணிக்குத்தானாம்." அவர் குரலில் கோபம்கூட இல்லை. வாசல் வரை போய் நின்று, "அவர் குடிக்கறதே இல்ல, தோன்யா," என்றார்.

கேட்டவுடன் உருகிவிடுகிறவளாக இருந்தால் அவள் நெமேசியாவே அல்ல. எல்லாம் நல்ல கதை, ஆனால் நல்ல கதையை எவுசேபியோவும்தான் சொன்னான். டாக்டர் போனதும் அந்த இழுப்பறையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு மூன்று அட்டைகளை உருவினாள். டாக்டர் காட்டுகிற அட்டையை அவள் நம்பமாட்டாள், தானே எடுத்ததைத்தான் நம்புவாள். ஜன்னலறைக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு இடைவேளையில் கதவைத் தாழ்போட்டு, மூன்று எண்ணுக்கும் போன் செய்தாள்.

முதல் எண் உபயோகத்தில் இல்லை.

இரண்டாவதை ஓர் ஆண் எடுத்தார். "கண்ணாஸ்பத்திரியா? எடம் வந்துருச்சாம்மா? ரெண்டு தரம் வந்தேன், இல்லன்னுட்டீங்க. நாளைக்கே வரட்டா? நாளைக்கே வர்றேன்."

மூன்றாவது அட்டை விசென்தா என்ற பெண்மணியுடையது, வயது அறுபத்தொன்று, புனாத்தா ஊர். அட்டையில் மூன்று முத்திரைகள் இருந்தன. மூன்றின் ஓரத்திலும் நெமேசியாவின் சுருக்கெழுத்து. மகள் எடுத்தாள்.

"அம்மாவுக்கு இனிமே டோக்கன் வேண்டாங்க."

"வேற எங்கயாவது காட்டிட்டீங்களா?"

"இல்லைங்க. அணைஞ்சு போச்சு. ரெண்டும். பிப்ரவரி மாசத்துல." அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "இருந்தாலும் கூப்பிட்டு விசாரிச்சீங்களே, அம்மாகிட்ட சொல்றேன். யாரு பேசினாங்கன்னு சொல்லட்டும்?"

நெமேசியாவால் தன் பெயரைச் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.  இருபத்து மூன்று வருடமாக ஒரு டோக்கனைக்கூடத் திருடவில்லை என்று பெருமைப்பட்டவள். திருடாமலே ஒருத்தியின் இரண்டு கண்ணையும் எடுத்திருக்கிறாள். மேலதிகாரி, விதி, பஸ் நேரம் என்று யார் மேலும் அதைத் தள்ளிவிட அவளுக்கு மனம் வரவில்லை. சனங்கள் அவளை என்னவெல்லாமோ சொல்லியும் அழாதவள் அன்றைக்கு அழுதாள், ஜன்னலைச் சாத்தி வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல்.

வியாழக்கிழமை முழுக்க இழுப்பறை அட்டைகளை எடுத்து எண்ணினாள். நானூற்றுப் பதினொன்று. வாரத்துக்கு ஆறு பேர் என்றால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். யாருக்கு அவசரம் என்று டாக்டர் பென்சிலால் குறித்திருந்ததைப் பார்த்து மேலே மூன்றை எடுத்தாள். சபீனோ ரோச்சாவுடையது இரண்டாவதாக இருந்தது. மூன்று பேருக்கும் போன் செய்து, முன்வாசல் வழியாகவே வரச் சொன்னாள். பதிவேட்டைத் திறந்து, வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் பதினாறு, பதினேழு, பதினெட்டு என்ற எண்களுக்கு எதிரே அவர்களின் பெயரை, "புது ஆள்" என்ற கட்டத்தில், தன் கையெழுத்தில் எழுதினாள். இயக்குநரின் கணக்கில் பதினெட்டு புது ஆள் இருக்கும். சீட்டு கிடையாது, டாக்டரின் கை எங்கும் படவில்லை. மாட்டினால் ஒரே ஒரு கையெழுத்துதான் மாட்டும். டாக்டரிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவரும் கூட்டாகிவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை வரிசைத் தாள் வந்தது. பதினைந்து பேருக்குக் கொடுத்தாள். பதினாறாவது ஆள் ஒரு கிழவர். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தவள் கிரெகோரியா. அவருக்குத் தங்கச்சி முறை.

"பதினஞ்சோட முடிஞ்சுது," என்றாள் நெமேசியா. "அண்ணனைச் செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வாங்க."

கிரெகோரியா ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். "வார்டுச் சீட்டைத்தான் நிறுத்தியாச்சே."

"ஆமா."

"அப்ப அந்த மூணு எங்க?"

நெமேசியா பதிவேட்டை மூடினாள். வரிசை நெருங்கி வந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா சபீனோ வரவேண்டும்! முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய தூசியோடு, சுவரைத் தொட்டுக்கொண்டே வந்து, குல்லாயைக் கழற்றி, "அம்மா, எனக்குப் பதினேழுன்னு போன்ல சொன்னீங்களே," என்றார்.

கிரெகோரியா அவர் பக்கம் திரும்பினாள். "நீ எந்த வரிசையில நின்னே? உன் பேரு தாள்ல எங்க இருக்கு? சொல்லுய்யா, இந்த அம்மாவுக்கு நீ என்ன வேணும்?"

சபீனோ வாயைத் திறந்தார். அந்த ஆளுக்கு மறுபடி பைப்பு ரிப்பேர் என்று சொல்லத்தான் வரும், இல்லாவிட்டால் உண்மை வரும். இரண்டும் ஆகாது. உண்மை அந்த வரிசையில் விழுந்தால் மத்தியானத்துக்குள் இயக்குநரின் மேசைக்குப் போய்விடும். டாக்டர் காட்டுக்குப் போவார், இழுப்பறை மறுபடி மூடிக்கொள்ளும்.

"அவரை விடு," என்றாள் நெமேசியா. "அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் எடுத்தேன்."

"எதை எடுத்தீங்க?"

"மூணு டோக்கனை. நேத்தே எடுத்து வெச்சுட்டேன். டாக்டரம்மாவுக்கும் இதுல சம்பந்தமில்ல."

"யாருக்கு? எதுக்கு?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

கிரெகோரியா கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. புரை விழுந்த கண்ணை இடுக்கி, நெமேசியாவின் முகத்தை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "போன செவ்வாய்க்கெழமை உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன் பாருங்க," என்றாள், தாழ்ந்த குரலில். "என்னைச் செருப்பால அடிக்கணும்." அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். பின்னாலிருந்தவர்கள்தான் கத்தினார்கள். திருடி என்றார்கள். கிழட்டுத் திருடி என்றார்கள். வாசலில் ருஃபீனோ நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, அவளைப் பார்க்காமல் வெளியே தெருவைப் பார்த்தான்.

 வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், இருபத்து மூன்று வருடத்துப் பெயர் திரும்பி வந்துவிடும். நெமேசியாவுக்கு அது தெரியும். அதை விழுங்கிக்கொண்டு எழுந்து, கதவைத் திறந்து வெளியே வந்தாள். சபீனோ எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் குல்லாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய இடது பக்கமாகப் போய் நின்றாள், அந்தப் பக்கத்து நாற்காலிகளில் அவர் இடித்துக்கொள்ளாதபடிக்கு. கையைப் பிடித்தாள். வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, டாக்டரின் அறை வாசல் வரை அவரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.